செல்லசாமியின் நிறம்

எண்ணெய்ச் சாயம் எங்கள் குளிரில் இலேசில் காயாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அவசரக்காரனுக்கு இந்த வேலை சரிப்படாது. நான் அவசரக்காரன் இல்லை.

பொகவந்தலாவைத் தோட்டத்தில் தேயிலைப் பெட்டிகளுக்கு எழுத்துப் போடுபவன் நான். மாதா கோயில் சாமியார் ஒரு பழைய படத்தின் அச்சைக் கொடுத்தார். சிலுவையிலிருந்து இறக்கிய இயேசு தாயின் மடியில் கிடக்கிறார். ஐந்நூறு வருஷத்துக்கு முன் யாரோ தீட்டியது. இதைப் பார்த்துத் திரும்ப வரைந்து பழகு, தோலின் நிறம் கைவந்தால் கோயில் சுவரையே தருகிறேன் என்றார். மாதாவின் முகம் வந்துவிட்டது. செத்த இயேசுவின் உடம்புதான் வரமாட்டேன் என்றது. எதைக் குழைத்துப் பூசினாலும் தூங்குகிறவன் மாதிரியே இருந்தது. எனக்கு வெறுத்துப் போயிற்று.

அப்போதுதான் எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த செல்லசாமி நெஞ்சுச்சளிக் காய்ச்சலில் படுத்தான். தனிக்கட்டை.

"அண்ணே, பெரட்டுல கங்காணிகிட்ட சொல்லிருங்க. டாக்டரய்யாவ அனுப்புவாங்க" என்றான்.

காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் லயத்துக்கே தேடி வந்துவிடுவார்கள். அதனால் நானே போய்ச் சொன்னேன். செல்லசாமி அக்கரப்பத்தனைக்கு, அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று சொன்னேன். கங்காணி உங்களிடம் சொன்னது உண்மைதான்.

அவனை நான் பட்டினி போடவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். கம்பளி போர்த்தினேன், வரையும்போது மட்டும் விலக்கினேன். முதலில் உதட்டோரம் நீலம் பாய்ந்தது. பிறகு கன்னத்துக்கு அடியில் ஒரு மங்கல் பச்சை. அதைத்தான் அத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தேன். டாக்டரய்யா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வந்துகொண்டிருக்கிறார் என்று ஆறுதல் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

செத்த பிறகு அக்கா பேச்சியம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். ஓடி வந்தவள் அவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா தூக்கிட்டுப் போயிருப்பேனே, பாவி" என்று என்னைப் பார்த்துக் கதறினாள்.

பரிதாபமாகத்தான் இருந்தது. மாதாவின் இடது கையை நான் தப்பாகப் போட்டிருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. அப்படியே கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னேன். அதனால்தான் அவள் உங்களிடம் புகார் கொடுக்க வந்தாள்.

தெரிந்தே சாகவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு வெட்கமில்லை. படத்தை ஒரு தடவை பாருங்கள், பிறகு பேசுங்கள். இந்த லயத்தில் எத்தனையோ பேர் கேட்பாரற்றுச் செத்திருக்கிறார்கள். செல்லசாமி அப்படிச் சாகவில்லை, ஐயா. கடைசி மூச்சுவரை நான் அவன் பக்கத்திலேயே இருந்தேன்.