பழைய மச்சம்

எங்கள் தோல் கிளினிக்கில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் செய்துகொண்டு போவது நான்தான். டாக்டர் ஹால்வர்சனுக்குக் கேரட் கேக். போன வருடம்கூடக் கொடுத்தேன்.

நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குவதும் காப்பீட்டுக்குப் பில் அனுப்புவதும் என் வேலை. காப்பீட்டு மோசடியை விசாரிக்கும் உங்களுக்கு விதி தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பழைய தொந்தரவை உதவி மருத்துவர் பார்க்கலாம். டாக்டர் கட்டடத்துக்குள் இருந்தால் அவர் பெயரிலேயே முழுத்தொகை வரும். புதிய தொந்தரவென்றால் டாக்டரே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நூற்றுக்கு எண்பத்தைந்துதான்.

வியாழக்கிழமைகளில் டாக்டர் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு வியாழனன்று என் கணவர் வெர்ன் குதிகாலில் புது மச்சத்தோடு வந்தார். டாக்டருக்குப் போன் செய்தேன்.

"பழசுன்னே போடு டார்லீன். வெர்னோட முழங்கைச் சொறி நமக்குத் தெரியாததா? பிரைஸ் பாத்துப்பான்."

போட்டேன். உதவி மருத்துவர் பிரைஸ் சொறிக்குக் களிம்பு எழுதினார். மச்சத்தை அடுத்த முறை டாக்டர் பார்ப்பார் என்றார். அடுத்த முறை வர நான்கு மாதமானது. அதற்குள் மச்சத்திலிருந்த புற்று உள்ளே பரவியிருந்தது. மறு வருடம் வெர்னை அடக்கம் செய்தோம். டாக்டர் பூ அனுப்பியிருந்தார்.

அவர் போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. அதன்பின் எல்லாவற்றையும் குறுஞ்செய்தியில்தான் கேட்டேன். பொய் பில் மட்டுமென்றால் அபராதத்தோடு போய்விடும். அதற்கு மேல் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற லோயிஸ் மாக்கி ஒரு திங்களன்று என் மேசைக்கு வந்தார்.

"டார்லீன் கண்ணு, இடுப்புல என்னமோ கறுப்பா வந்திருக்கு. என் பூனைகூட மொறைச்சுப் பாக்குது."

சட்டையைத் தூக்கிக் காட்டினார். ஓரம் கிழிந்த காகிதம்போல இருந்தது, வெர்னுடையதைப் போலவே. மறுநாள் டாக்டர் இருப்பார். நான் வியாழக்கிழமை கொடுத்தேன்.

"இது வயசானா வர்றதுதான் லோயிஸ். பிரைஸ்கிட்ட சொல்லி அவர் நேரத்த வீணாக்காதீங்க."

"அப்பாடா. நீ சொன்னா சரிதான்."

டாக்டருக்கு எழுதினேன்: லோயிஸ் மாக்கி, வழக்கமான பரிசோதனை, பழசு, உங்கள் பெயரில் போடவா? 'போடு' என்று ஏரியிலிருந்து பதில் வந்தது. அந்தச் செய்திதான் நான் உங்களுக்கு அனுப்பிய முதல் தாள். லோயிஸ் மார்ச்சில் இறந்த மறுவாரம் அனுப்பினேன்.

எங்கள் இருவரையும் நீங்கள் ஒன்றாக வைத்துப் பேசுவது எனக்கு வருத்தம். டாக்டர் வெர்னின் மச்சத்தைப் பார்க்கவே இல்லை. நான் லோயிஸுடையதை நன்றாகப் பார்த்தேன்.