கதவுக்குப் பின்னால் தொங்கிய நோட்டு

கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைப்பது நான்தான். செயலாளர் போய் நாற்காலி தூக்குவதா என்று புதிதாக வருகிறவர்கள் பதறுவார்கள். தலைமை என்பதே தொண்டுதான் என்று மேடையில் பேசுகிறவர்கள் எங்கள் சேவைச் சங்கத்தில் நிறையப் பேர். தேநீர்க் கோப்பைகளைக் கழுவுகிறவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளப் போகிறீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

சங்கத்தில் தனியாக வசிப்பவர்கள் பன்னிரண்டு பேர். ஒன்பது வருடங்களாகத் தினமும் காலை ஆறரையிலிருந்து ஒவ்வொருவருக்கும் போன் செய்வேன். எடுக்காவிட்டால் நேரில் போவேன். பன்னிரண்டு வீட்டுச் சாவியும் என்னிடம் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். போகும்போதெல்லாம் நாள், நேரம், அவரது நிலைமை, என் கையெழுத்து. எழுதாத வருகை வருகையே இல்லை என்பது நான் போட்ட விதி. உயிரே போனாலும் அதை மீற மாட்டேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் கடிகாரக்காரர். காலமெல்லாம் கடிகாரம் பழுது பார்த்தவர், மனைவி இறந்தபின் தனிக்கட்டை. அவர்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. ஆனால் ஒரு மாதமாகவே கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் அவருக்குப் போன் செய்தால் வேறு அழைப்பில் இருப்பார். பன்னிரண்டு பேரில் இன்னொருவரான, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மாவும் அதே நேரத்தில் வேறு அழைப்பில் இருப்பார். கூட்டத்துக்கு முன் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுவார்கள், நான் உள்ளே வந்தால் பேச்சை மாற்றுவார்கள். என் முதுகுக்குப் பின்னால் என்னவோ நடக்கிறது என்று புரிந்தது.

அந்தப் புதன்கிழமை அவரே வாயைத் திறந்தார்.

“தம்பி, எத்தனை நாளைக்குத்தான் நீ ஒருத்தனே ஓடுவ? இனிமே நாங்களே ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிக்கிறோம். சாவியையும் எங்களுக்குள்ளயே மாத்தி வெச்சுக்கிறோம். சனிக்கிழமை கூட்டத்துல சொல்லலாம்னு இருக்கேன். உனக்கும் ஓய்வு வேணாமா?”

“நல்ல யோசனைண்ணே,” என்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன். பன்னிரண்டு சாவியையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை அவர் போனை எடுக்கவில்லை. போய்க் கதவைத் திறந்தேன். குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை, நினைவு தெளிவாக இருந்தது.

“வந்துட்டியா தம்பி. நீ வருவன்னு எனக்குத் தெரியும்.”

இந்த வார்த்தையை அவர் கூட்டத்தில் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் உடனே தூக்கி நிறுத்தினால் மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள். யாரும் வராத ஒரு நாள் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியட்டும். ஒரே ஒரு நாள். தலைக்குத் தலையணை வைத்துப் போர்த்திவிட்டேன். போனை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் பூட்டினேன்.

மதியம் நர்ஸம்மா கூப்பிட்டார்.

“கடிகாரக்காரர் போனையே எடுக்க மாட்டேங்கிறாரே, உங்ககிட்டயாவது பேசினாரா?”

“பேசினாரும்மா. தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கார். திங்கக்கிழமை வந்துடுவார்.”

நம்பிவிட்டார். ஒன்பது வருடத்தில் என் வார்த்தையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஊருக்குப் போனதாகச் சொன்ன மனிதரை எப்படி வீட்டுக்குள்ளிருந்து வெளியே எடுப்பது? என் வார்த்தை போனால் பன்னிரண்டு பேருக்கும் யார் துணை?

சனிக்கிழமை கூட்டத்தில் அந்த யோசனையைச் சொல்ல ஆள் இல்லை. பழைய ஏற்பாடே தொடரட்டும் என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள். வழக்கம்போல நாற்காலிகளை அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தங்கச்சிக்குப் போன் செய்து பார்த்தாராம், அண்ணன் அங்கே வரவே இல்லையாம். சாவியை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். அவர் உயிரில்லாமல் கிடந்த கோலத்தைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன், அது நடிப்பில்லை. நர்ஸம்மா அழவில்லை. தலையணையைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்த நோட்டைக் கழற்றிப் படித்தார்.

அந்த நோட்டுதான் இப்போது ஸ்டேஷனில் உங்கள் மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான். நீங்கள் கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொள்கிறேன்.

வியாழன், காலை 8.10. விழுந்து கிடக்கிறார். தலையணை வைத்தேன்.

வெள்ளி, காலை 8.05. தண்ணீர் கேட்டார். இரண்டு டம்ளர் கொடுத்தேன்.

சனி, காலை 8.00. கண் திறந்திருக்கிறது. பேசவில்லை.

மூன்று நாளும் நான் போயிருக்கிறேன், நீங்களே பாருங்கள். வேறு யார் அவரை எட்டிப் பார்த்தார்கள்?