என் மருமகள் கொடுத்த மாத்திரை குறித்து

ரங்கநாயகி, வயது 71, கணவர் பெயர் திருவேங்கடசாமி (காலஞ்சென்றவர்), கணபதி, கோயம்புத்தூர், மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி உதவி ஆய்வாளரிடம் கூறியது:

நான் மேற்படி முகவரியில் என் மருமகள் தேஜாவுடன் வசித்து வருகிறேன். என் மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். நான் நூற்பு மில்லில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவள். பதினாறு வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளது. கண் மங்கியதால் தினமும் காலையில் தேஜாதான் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள்.

சென்ற மாதம் முதல் சில நாட்களில் முற்பகலில் எனக்கு வியர்த்துக் கை நடுங்கும். அதன் பிறகு பயமே இருக்காது. வீடு தண்ணீருக்குள் இருப்பது போலவும், சுவர்கள் மெதுவாக மூச்சு விடுவது போலவும் தெரியும். தேஜா சர்க்கரைத் தண்ணீர் புகட்டியதும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். நான் வழக்கம்போலத்தான் சாப்பிட்டு வந்தேன். சர்க்கரை எதனால் இப்படி இறங்குகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த மாதம் மூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு, தேஜா கடைக்குப் போயிருந்த நேரத்தில், தெருவில் வெள்ளைப் பஞ்சு இறங்குவதைக் கண்டேன். மில் சங்கு ஊதியது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று வெறுங்காலுடன் வெளியே போனேன். வெயில் சுடவில்லை. சாலை நடுவில் உட்கார்ந்து அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். கையில் நூலே இல்லை என்று பின்னர் அறிந்தேன். அதன் பிறகு ஆட்டோ ஓட்டுநர் மனோஜ்குமார் என்னை மருத்துவமனையில் சேர்த்தார். சர்க்கரை 32தான் இருந்ததாக அங்கே கூறினார்கள்.

அன்று மாலை பல்லடத்திலிருந்து வந்த என் மகள் புவனா, தேஜா வேண்டுமென்றே மாத்திரையைக் கூட்டிக் கொடுத்ததாகப் புகார் அளித்தாள். அதன் பிறகு தேஜாவை வார்டுக்குள் விடவில்லை. மாத்திரையும் நிறுத்தப்பட்டது. மறுநாள் பிற்பகல், புவனா ஊட்டிய சாதத்தைச் சாப்பிட்டிருந்தும், கட்டில் மிதக்கத் தொடங்கியது. நர்ஸ் பார்த்ததில் சர்க்கரை 41. அதன் பிறகு ரத்தப் பரிசோதனை செய்த மருத்துவர், என் சிறுநீரகம் தளர்ந்துவிட்டதால் வழக்கமான மாத்திரையே உடம்பைவிட்டு வெளியேறாமல் தங்கிவிடுகிறது என்றார். போலீசார் வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்ததில் கணக்கு சரியாக இருந்தது.

புவனா மேல் தவறில்லை. சென்ற வாரம் அந்த மயக்கத்தில் நானே அவளுக்குப் போன் செய்து, "தேஜா என்னமோ குடுத்து என்னைத் தூங்க வெச்சுப்போடறா கண்ணு" என்று சொன்னேன். தெளிந்த பிறகும் அது எனக்கு நினைவிருந்தது. திருத்திச் சொல்லவில்லை. அதுவரை எப்போதாவது பேசும் புவனா, அன்று முதல் எனக்குத் தினமும் போன் செய்தாள்.

இன்று காலை வார்டு வாசலில் நின்று தேஜா, "சாப்புட்டீங்களா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். இந்த வாக்குமூலத்தை அவளுக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, உண்மையே சொல்லியிருக்கிறேன். தெளிந்த நினைவுடன் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ரங்கநாயகி