தம்பிக்குப் பார்த்த வேலைப் பதிவு

நாவற்குடாவில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியவள்தான் தொடங்கினாள்.

"சாதகத்தில பொய் எழுதலாம் கா. இதில ஏலா."

"எதில?"

"எங்கட ஒபிசில வேலை கேட்கிற ஆக்கள் இப்ப என்ட போனுக்கு லிங்க் அனுப்புறாங்க. எங்க, எத்தின வருஷம் வேலை செய்தவங்க எண்டு பழைய கம்பெனியே உறுதிப்படுத்தின பதிவு. ஒரு பிள்ளை ஒரே இடத்தில ஆறு வருஷம், ஒரு குறையும் இல்ல. எங்கட தம்பிக்குப் பொம்பிளையா எடுக்கச் சரியா இருக்கும் எண்டு நினைச்சன்."

"அடி பாவி! வேலைக்கெண்டு தந்ததையா?"

"அம்மாக்கும் காட்டினன். மாமிக்கும் காட்டினன்."

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியது.

"மறுகா?"

"நேற்று இன்டர்வியூ. முடிஞ்சு வெளிய வரேக்குள்ள அந்தப் பிள்ளை கேட்டாள்: 'மிஸ், என்ட பதிவை எப்ப திறந்தாலும் எனக்குத் தெரியும். எட்டுத் தரம் திறந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அஞ்சு தரம். ஏன்?'"

"நீ என்ன சொன்ன?"

"பொய் வாயில வரல்ல. தம்பிட கதையைச் சொல்லிப்போட்டன்."

நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனது. போகட்டும்.

"ஏசினாளா?"

"ஏசவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. என்ட முன்னாலயே தன்ட போனில லிங்கை மூடினாள், இனி எனக்குத் திறக்காது. 'தம்பிட பதிவையும் அனுப்பச் சொல்லுங்க மிஸ், நானும் எங்கட அம்மாக்குக் காட்டுறன்' எண்டாள்."

"அப்ப அனுப்பிவிடன்."

"எதை அனுப்புற? அவன் ஒரு இடத்திலயும் மூணு மாசம் நிக்கல்லயே!"