எட்டாவது உடுப்பு

பொம்மைக்குச் சட்டை தைப்பது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆளுக்குத் தைக்கும்போது அரை அங்குலம் முன்னே பின்னே போனால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். பதினோரு அங்குலப் பொம்மைக்கு ஒரு நூல் பிசகினாலும் தோள் இறங்கிவிடும். மிஷினில் மெல்லிய ஒன்பதாம் நம்பர் ஊசிதான் போட வேண்டும். சட்டையோடு கையை இணைக்கும் இடத்தை மிஷினில் ஓட்டவே முடியாது, கையால்தான் தைக்க வேண்டும். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை ஐயா. நான் எதையும் அவசரத்தில் செய்கிறவள் இல்லை என்று தெரிவதற்காகச் சொன்னேன்.

என் பெயர் பரிபூரணம். வயது இருபத்தைந்து. ராஜபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் நைட்டி, கொஞ்சம் ரவிக்கை.

சௌதா எங்களுக்கு அடுத்த வீடு. இருவரும் ஒரே வகுப்பு. அவளுடைய அத்தா மைதீன் பிச்சை சிங்கப்பூரில் ஒரு கடையில் வேலை பார்த்தார். எண்பத்திரண்டாம் வருடம் ஊருக்கு வந்தபோது அவளுக்கு ஒரு பொம்மை கொண்டுவந்தார். மஞ்சள் முடி, மடங்குகிற முழங்கால், குதிகால் உயர்ந்த செருப்பு. எங்கள் தெருவில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பெட்டியின் பின்பக்கம் ஏழு உடுப்புகளின் படம் போட்டிருந்தது. அவை தனியாக வாங்க வேண்டியவை. அவர் வாங்கி வரவில்லை.

அந்த ஏழையும் நான் தைத்தேன். அம்மா தையல்காரி என்பதால் வெட்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. கல்யாணக் கவுனுக்கு முகத்தை மூடும் வலை வேண்டியிருந்தது. அதற்குச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியைக் கஞ்சி போட்டு எடுத்துக்கொண்டேன். எட்டு மாதம் ஆனது. சௌதா பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும், அவை பொம்மையோடு சிங்கப்பூரிலிருந்து வந்தவை என்று சொல்லிவிட்டாள். டீச்சரே நம்பினார். எனக்குக் கோபம் வரவில்லை. நம்பும்படி இருந்தது என்றுதானே அர்த்தம்.

எட்டாவதாக ஒன்று தைக்க நினைத்தேன். அது எந்தப் பெட்டியிலும் இல்லாதது. நானே நோட்டில் வரைந்தது. அதற்குப் பச்சை சாட்டினும் கீழே மெல்லிய ஜரிகையும் வேண்டும். எண்பத்து மூன்றில் சௌதாவின் பெருநாள் பாவாடை அதே துணியில் வந்தது. கேட்டேன்.

"பெருநா முடியட்டும். உள்மடிப்புல ஒரு சாண் வெட்டித் தாரேன்" என்றாள்.

பெருநாள் முடிந்தது. அந்த வாரச் சனிக்கிழமை அவள் ஊருக்கு மேற்கே ஒரு தோப்புக் கிணற்றில் விழுந்து இறந்துபோனாள். மறுநாள்தான் எடுத்தார்கள். இதுவரை நீங்கள் பழைய பைலிலேயே படித்திருப்பீர்கள்.

அப்போது போலீஸ் என்னை விசாரித்தபோது, இரண்டு பேரும் நாவல் பழம் பொறுக்கப் போனோம், நான் முன்னாலேயே வந்துவிட்டேன் என்றேன்.

"அங்ஙன யாரையும் பாத்தியாட்டி?" என்று ஒருவர் கேட்டார்.

"மோட்டார் ரூம்கிட்ட பேச்சிமுத்து அண்ணாச்சி நின்னாவ" என்றேன்.

அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் அவர். தினமும் அங்கேதான் நிற்பார்.

சௌதாவின் பாவாடை ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் துணி இல்லை. கிழிந்திருக்கவில்லை, வெட்டியிருந்தது. ஊர் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டது. பேச்சிமுத்துவை மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். போலீஸ் விசாரித்துவிட்டு, சாட்சி இல்லை என்று விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. யாரும் அவருக்கு வேலை தரவில்லை, டீக்கடையில் கிளாஸ் தரவில்லை. தை மாதம் பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்து இறந்துபோனார். அவர் மனைவி பெத்தம்மாளுக்கு இன்றைக்கும் நான்தான் ரவிக்கை தைக்கிறேன். அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். வேறு கடையில் அதைக் கவனிக்க மாட்டார்கள்.

சௌதாவின் அம்மா சம்சாத் பேகம் அந்த வருடமே வீட்டைக் காலி செய்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டார். பிறகு அவர் கணவரும் காலமானார் என்று கேள்விப்பட்டேன். பதினான்கு வருடம் கழித்து, இந்த மாசி மாதம் ஒரு நாள், என் கடை வாசலில் வந்து நின்றார். கையில் மஞ்சள் பை. அதற்குள் அந்தப் பொம்மை.

"உடுப்பு பூராம் கரையான் அரிச்சுப்போச்சு புள்ள. அட்டப் பெட்டியும் போச்சு. இது மட்டும்தான் மிச்சம். நீ தச்ச சட்டை எல்லாம் ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"நான் தச்சதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா மாமி?"

"சௌதா ஏங்கிட்ட சொல்லியிருக்கா. பள்ளிக்கூடத்துலதான் பெரும பேசிட்டேன், பரிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னா. அதுக்குள்ள போய்ட்டா."

தைத்துத் தருகிறேன் என்று சொன்னேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவராகவே, சும்மா போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் என்றார்.

மூன்று மாதம் ஆனது. ஒவ்வொரு உடுப்பின் அளவும் என் விரலில் இருந்தது. நீல நீச்சலுடைக்கு ஒரு பழைய பனியன், குளிர்காலக் கோட்டுக்கு மலிவான போர்வையின் ஓரம். அம்மா காலத்துப் பட்டன் டப்பாவில் பாசிமணி அளவுக்கு ஆறு வெள்ளைப் பட்டன் கிடைத்தது. அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டீர்கள். தெரியவில்லை. தையல் நேராக விழுந்தது, அவ்வளவுதான்.

பிறகு எட்டாவதையும் தைத்தேன். அந்தப் பச்சைக்கு ராஜபாளையத்தில் எல்லாக் கடையும் ஏறினேன், மதுரைக்கும் போய் வந்தேன். எங்கேயும் அமையவில்லை. கடைசியில் என்னிடம் இருந்த ஒரு சாண் துணியையே எடுத்துக்கொண்டேன். பவுடர் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்ததால் நிறம் மங்கவில்லை. ஏழோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த ஏழும் பெட்டி போட்டவனுடைய உடுப்புகள். இது ஒன்றுதான் என்னுடையது.

நேற்றுக் காலை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தேன். மாமி டீ போட்டுக் கொடுத்தார். உடுப்புகளைப் பாயில் வரிசையாகப் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் பொம்மைக்குப் போட்டுப் பார்த்தார். கல்யாணக் கவுனுக்குக் கொஞ்சம் அழுதார். எட்டாவதைக் கையில் எடுத்தவர் ஜரிகையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஏதுட்டி?"

"இது நான் யோசிச்சது மாமி. படத்துல கெடையாது."

அவர் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பாவாடையைக் கொண்டுவந்தார். வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் என் உடுப்பை வைத்துப் பார்த்தார். ஜரிகைக் கோடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேராக ஓடியது.

"இத எப்ப வெட்டுன?"

"அன்னைக்குத்தான்."

"அவ உசுரோட இருக்கையிலயா?"

"ஆமா. கெணத்து மேட்டுல உக்காந்திருந்தா."



"அப்ப பேச்சிமுத்து?"

"அன்னைக்குக் கரண்ட் இல்ல மாமி. அவிய தோப்புக்கே வரல."

அவர் கத்தவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. பச்சை உடுப்பைப் பாவாடைக்குள் வைத்து மடித்தார். பொம்மைக்கு அதைப் போட்டே பார்க்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வா, போவோம்" என்றார். இந்த ஸ்டேஷனுக்கு வரும்வரை என் கையை விடவில்லை. ரோட்டைக் கடக்கும்போது சின்னப் பிள்ளையைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். நான் அவளைத் தள்ளவில்லை. தருகிறேன் என்று சொன்ன துணியைத்தான் எடுத்தேன். அவள் நாவல் பழம் தின்றுகொண்டு கிணற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் இருந்து கத்தரியால் மெதுவாக வெட்டினேன். உள்மடிப்பு போதாது என்பதால் வெளிப்பக்கமும் சேர்த்து வெட்ட வேண்டியதாகிவிட்டது. எழுந்து திரும்பியவள், "அம்மாட்ட சொல்லுதேன் பாரு" என்று துணியைப் பிடித்து இழுத்தாள். நானும் இழுத்தேன். அவள் கையிலிருந்து வழுக்கியது. பின்பக்கமாகக் கிணற்றுக்குள் விழுந்தாள்.

அந்தக் கிணற்றில் படி பாதியோடு இடிந்துவிட்டது. குளிக்கிறவர்கள் ஏறி வருவதற்குத் தென்னையில் கட்டி ஒரு கயிறு தொங்கும். சௌதாவுக்குக் கொஞ்சம் நீச்சல் தெரியும். கயிறு இருந்த பக்கமாகக் கையை அடித்து வந்தாள். வரும்போதே, "பரி, சொல்ல மாட்டேன், அம்மாட்ட சொல்லவே மாட்டேன்" என்றாள். அவளால் எதையும் சொல்லாமல் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

கயிறு பேச்சிமுத்து அண்ணாச்சியுடையது. தண்ணீரில் ஊறியே கிடந்தால் இத்துப்போகும் என்று பிள்ளைகளைச் சத்தம் போடுவார். அதனால்தான் அதை மேலே இழுத்து, சுருட்டி, அந்தத் தென்னையில் அவர் மாட்டுகிற ஆணியிலேயே ஒழுங்காக மாட்டிவிட்டு வந்தேன்.