செத்த நேரம்

சிறுமலை வாழைப்பழத்தைத் தோல் கறுத்த பிறகுதான் சாப்பிட வேண்டும். திண்டுக்கல்லில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். சென்னைக்காரருக்குத் தெரியாது. பெட்டியைப் பிரித்ததும், அழுகல் பழத்தை அனுப்பிவிட்டாய் என்று போட்டோ எடுத்து அனுப்புவார். என் வியாபாரத்தின் முதல் வருடம் இந்த ஒரு விளக்கத்தைச் சொல்வதிலேயே போயிற்று.

இது எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்கள், மேடம். இங்கேதான். பொருள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதைப் பற்றி நாம் சொல்வதைக் கேட்க ஆட்கள் நிலையாக வர வேண்டும் என்று நான் புரிந்துகொண்ட இடம் இது.

நானும் என் கணவர் கிறிஸ்துராஜும் சேர்ந்து தொடங்கிய கடை அது. கடை என்றால் போனில்தான். மலையிலிருந்து பழமும் மிளகும் கொண்டு வருவது அவர் பொறுப்பு. வீடியோ எடுப்பது, பேசுவது, ஆர்டர் வாங்குவது, பெட்டி கட்டி கூரியரில் சேர்ப்பது என் பொறுப்பு. எங்கள் கையில் ஒரு கைவண்டிக் கடைகூட இருந்ததில்லை.

ஆட்களை வரவைக்க எல்லாம் செய்து பார்த்தோம். காசு கட்டி விளம்பரம் போட்டோம். அது லாரித் தண்ணீர். வந்த அன்றைக்குக் குடம் நிறையும், மறுநாள் காலிக் குடத்தோடு தெருவில் நிற்க வேண்டும். தள்ளுபடி கொடுத்தோம். தள்ளுபடிக்கு வந்தவர்கள் அடுத்தவன் தள்ளுபடிக்குப் போய்விட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், போலிப் பெயர்களில் ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். நான் வீடியோ போடும் பக்கத்தில் ஒரு பொய் ஆள்கூடக் கிடையாது. எனக்கு வேண்டியிருந்தது லாரி அல்ல, ஊற்று.

விபத்துக்கு நான் காரணமில்லை. மழை நாளில் மலைப்பாதை வளைவில் லோடு ஆட்டோ கவிழ்ந்தது. பழத்தோடு அவரும் உருண்டார். தலையில் அடி. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நான் அழுத அழுகையைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் போட்ட முதல் வீடியோவும் வியாபாரத்துக்காக அல்ல. ஆர்டர்கள் தாமதமாகும், மன்னிக்க வேண்டும் என்று சொல்லத்தான் போட்டேன். பின்னால் கட்டிலில் அவர் தெரிந்தார். ஒரு கையால் பழம் ஒன்றை எடுக்கப் பார்த்தார், அது நழுவி விழுந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் போனைத் திறந்தால் நிறுத்தாமல் மணி அடிக்கிறது. குவைத்தில் நர்ஸாக இருக்கும் பெண், மலேசியாவில் ஒரு குடும்பம், தூத்துக்குடியில் ஒரு டீச்சர், எல்லாருக்கும் ஒரே கேள்வி: அண்ணன் எப்படி இருக்கார்? அடுத்த நாளும் கேட்டார்கள். அதற்கடுத்த நாளும். கேட்டவர்கள் வெறுமனே கேட்கவில்லை, பழம் வாங்கினார்கள், மிளகு வாங்கினார்கள். தோல் கறுத்திருந்ததற்கு ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. தினமும் காலையில் கட்டிலோரம் நின்று செத்த நேரம் பேசுவேன். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கம் செத்த நேரம் என்றால் கொஞ்ச நேரம். விளம்பரத்துக்கு அதன் பிறகு நான் செலவே செய்யவில்லை.

ஊற்று கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

அவருக்குப் பயிற்சி கொடுக்க சுகன்யா என்ற பிசியோதெரபி பெண் வேடசந்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். கெட்டிக்காரி. அவள் கைபட்டு அவர் உட்கார்ந்தார், பிறகு நின்றார். பிறகு கம்பை ஊன்றி வாசல்வரை நடந்தார். அந்த வீடியோவைப் பார்த்த அளவுக்கு அதுவரை நான் போட்ட எதையும் யாரும் பார்த்ததில்லை. ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள், எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அந்த வாரத்தோடு போனார்கள்.

சந்தோஷப்பட்டவர்கள் மறுநாள் வருவதில்லை, மேடம். கவலைப்பட்டவர்கள்தான் வருகிறார்கள். இதை எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள், நானாகக் கண்டுபிடித்தேன். பேச்சாயி உள்பட எங்கள் வீட்டில் பெட்டி கட்டும் பெண்கள் காலையில் வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மலையிலிருந்து வந்த தார்கள் கூடத்தில் நிஜமாகவே அழுகின.

அவருக்கோ அதில் சந்தோஷம். பேச்சு திக்கித் திக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் என்னை உட்காரவைத்துச் சொன்னார்:

"இனிமே என்னையப் படம் புடிக்காத ஷைனி. நான் மலைக்குப் போறேன். நீ பழத்தக் காட்டு. அதுவா பேசும்."

பழம் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் அதைச் சொல்லவில்லை. சரிங்க என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ராத்திரி தூக்கத்துக்கென்று ஒரு மாத்திரை எழுதியிருந்தார்கள். பிறகு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். பழைய சீட்டைக் காட்டி நான் மறுபடி வாங்கினேன். ராத்திரிக்குப் பதில் காலையில் கொடுத்தேன். மலைவாழையை மசித்து அதில் கலந்தால் கசப்பு தெரியாது. எங்கள் பழம் அவ்வளவு தித்திப்பு. முதல் நாள் அவர் கம்பைத் தேடவில்லை. மூன்று நான்கு நாளில் தலை நிற்கவில்லை. வாயோரம் வழிந்தது. நான் துடைப்பதைப் பார்த்துக் குவைத் பெண் அழுதாள். எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "இன்னைக்கு அண்ணனுக்கு முடியல" என்றேன். அன்றைக்கு அவருக்கு முடியவில்லைதான்.

சுகன்யாதான் விடாமல் கேட்டாள். "ஏக்கா, வாசல் வரைக்கும் நடந்த மனுசன், இப்ப தலையே நிக்க மாட்டேங்குது. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவமா?"

"மழைக்காத்து அவருக்கு ஒத்துக்கல" என்றேன்.

"எங்கக்கா மழை? வேடசந்தூர்ல மழையப் பாத்து எம்புட்டு நாளாச்சு."

அவளை வாரம் ஒருமுறை வந்தால் போதும் என்று சொன்னேன். பிறகு, நானே கூப்பிடுகிறேன் என்று சொன்னேன்.

நான் கொடுமைக்காரி இல்லை. எப்போதும் படுக்கவைப்பது என் எண்ணமாக இருந்திருந்தால் அது நிலைக்காது என்று எனக்குத் தெரியாதா? ஒரேயடியாகக் கஷ்டத்தைக் காட்டினாலும் ஆட்கள் சலித்துப் போவார்கள். கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் நிறுத்தினேன். அவர் உட்கார்ந்து குடில் பார்த்தார், ஷைனி என்று தெளிவாகக் கூப்பிட்டார். பொங்கல் கழிந்ததும் மறுபடி கொடுத்தேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் உடம்பு நன்றாக இறங்கி, உயிர்ப்பு ஞாயிறன்று எழுந்து நிற்பார் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். என்னைப் பார்ப்பவர்களில் பாதிக்குமேல் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். தவக்காலத்தில் அவர்கள் மனசு இளகியிருக்கும், அடுத்தவர் பாடு கண்ணில் படும். ஜெபம் செய்வார்கள். அந்த ஜெபத்துக்குப் பலன் கிடைக்கிற நாளையும் நான் அவர்களுக்கென்று வைத்திருந்தேன். எத்தனை கடைக்காரர்கள் வாடிக்கையாளருக்காக இவ்வளவு யோசிப்பார்கள்?

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வந்து நேரலை போட்டேன். நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் கொடுத்தது தெளிந்திருந்ததால், மாத்திரை கலந்த பழத்தை ஸ்பூனில் எடுத்து வாயருகே கொண்டு போனேன். அவர் வாயை இறுக்கிக்கொண்டார். பிறகு, என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்:

"செத்த... நேரம்... முழிச்சிருக்கேன்."

எனக்கு அது புரிந்தது. வெளியூர்க்காரர்கள் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்தது. செத்துருவேன்னு சொல்றாரா என்று ஒருவர் எழுதினார். ஐயோ அண்ணன் சாவைப் பத்திப் பேசுறார் என்று இன்னொருவர். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாகுறதப் பத்திப் பேசாதீங்க, நான் இருக்கேன்ல" என்றேன். பிறகு பழத்தை ஊட்டினேன். அன்றைக்கு வந்த ஆர்டர்களுக்கு மலையில் பழம் போதவில்லை.

நான் செய்த ஒரே தப்பு இதுதான். குவைத்துக்கும் மலேசியாவுக்கும் பேசிப் பேசி, என் சொந்த ஊர்க்காரர்களின் காதை மறந்துவிட்டேன். ஆரம்பத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேடசந்தூர் மில் பெண்கள். ஷிப்ட் முடிந்து மில் பஸ்ஸில் வரும்போது ஒரே போனைச் சுற்றி நான்கு பேர் குனிந்து பார்ப்பார்கள். வாங்கமாட்டார்கள், வெறுமனே பார்ப்பார்கள், அதனால் நான் அவர்களைக் கணக்கில் வைக்கவில்லை. அன்றைக்கு அந்த பஸ்ஸில் இருந்தவர்களில் சுகன்யாவின் அம்மாவும் ஒருத்தி. வீட்டுக்குப் போனதும் மகளிடம் கேட்டிருக்கிறாள்: "அந்தாளு செத்த நேரம் முழிச்சிருக்கவான்னுதான கேக்குறான்? அதுக்கு இவ ஏன்டி சாவுங்குறா? முழிச்சிருக்குறதுக்கு எதுக்குப் பொண்டாட்டிகிட்ட அனுமதி?"

மறுநாள் காலையில் நான் கூப்பிடாமலே சுகன்யா வந்தாள். கூடவே ஒரு டாக்டரையும் கூட்டி வந்திருந்தாள். பேச்சாயியும் மற்றவர்களும் பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்போதுதான் பழம் மசித்து வைத்திருந்தேன், இன்னும் ஊட்டவில்லை. சுகன்யா கட்டிலோரம் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நேத்து என்னவோ கேட்டீங்கல்ல. என்ன வேணும், எங்கிட்டச் சொல்லுங்க."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார்.

"பழம் வேணாம்" என்றார்.

பிறந்ததிலிருந்து பழத்தோடு வாழ்ந்த மனிதர். அவர் அதைச் சொன்னதும் பேச்சாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். நான் தடுக்கவில்லை. அதை நீங்களும் பதிவு செய்யலாம்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், மாத்திரையைக் கொடுத்தது நான்தான். தெரிந்தே கொடுத்தேன். மாதக்கணக்கில் கொடுத்தேன். நடக்க முடிந்த மனிதரை நடக்கவிடாமல் வைத்தேன், பேச முடிந்த மனிதரைப் பேசவிடாமல் வைத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, யாருக்கும் இதில் பங்கில்லை.

ஆனால் பங்கில்லை என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அவர் வாசல்வரை நடந்தபோது இந்த ஜனங்கள் எங்கே போனார்கள்? நடக்கிற மனிதனிடம் ஒரு சீப்புப் பழம் வாங்க யாருக்கும் மனம் வரவில்லையே. நான் ஊட்டினேன், அவர்கள் பார்த்தார்கள். அவர்கள் பார்க்காமல் இருந்திருந்தால் நான் ஊட்டியிருக்கமாட்டேன். இப்போது என்னைப் பேய் என்று எழுதுகிறார்களாம். எழுதட்டும். முன்பைவிட இப்போதுதான் அதிகம் பேர் என் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று உங்கள் ஸ்டேஷன் ஏட்டம்மாவே சொன்னார். காசு கட்டாமல் வந்த கூட்டம், பாருங்கள்.

வருத்தப்படுகிறாயா என்று கேட்டீர்கள். விபத்துக்கு முன்னால் கிறிஸ்துராஜை அவர் தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாது. இன்று கடல் கடந்து அவருக்காகப் பூசை வைக்கிறார்கள். அவருக்கு அதை யார் செய்து கொடுத்தது? ஒரு மனைவி தன் புருஷனுக்கு இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

ஆஸ்பத்திரியில் அவர் எழுந்து நடக்கிறார் என்று நேற்றுச் சொன்னீர்கள். கேட்டு சந்தோஷப்பட்டேன். என் பெயரைச் சொன்னதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், என்னை உள்ளே விடவே கூடாது என்று சொன்னார் என்றும் சொன்னீர்கள். நீங்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள், மேடம். அவர் கூச்ச சுபாவம். தாடி மீசை மண்டிக் கிடக்கும்போது என் கண்ணில் பட அவருக்குப் பிடிக்காது. யாரையாவது அனுப்பி அவருக்குச் சவரம் செய்துவிடச் சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள், அவரே என்னைக் கேட்பார்.