பூனையின் தாகத்தை அளந்த மில்லி அக்காவுக்கு

ஐயம் தெளியும்வரை அயராத அறிவுச் செல்வரே! எங்கள் விலங்கு மருத்துவமனையின் ஆய்வகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, நோயின் நூலிழையைத் தேடி எடுத்த நுட்பத் திறனாளரே! பதிவேட்டில் வேறு பெயர் இருந்தும் பெரிய டாக்டர் முதல் பெருக்க வருபவர் வரை அனைவரும் ‘மில்லி அக்கா’ என்றே அழைக்க, அந்தப் பெயருக்கும் சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்த்த பண்பாளரே! வணக்கம்.

தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில் மடல் ஒன்று வாசித்தளிக்க வேண்டும் என்று மருத்துவர்களும் மருந்தாளுநரும் கூண்டறைப் பணியாளர்களும் கூடிப் பேசினோம். எழுதும் வேலை பதிவு மேசைக்காரனான என் தலையில் விழுந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். தங்களிடம் அதிகம் திட்டு வாங்கியவன் நான்தான் என்பது அவர்கள் சொல்லாத காரணம்.

புகழ்ச்சி தங்களுக்குப் பிடிக்காது. ‘கருணைக் கடலே’ என்று தொடங்கினால், “கடல்னா எத்தனை லிட்டர்?” என்று மேடையிலேயே கேட்டுவிடுவீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்லித் தங்களைப் பாராட்ட விரும்புகிறோம்.

அளவறிந்த அம்மையே! தாங்கள் பணியில் சேர்ந்த முதல் மாதம் நடந்ததைப் பெரிய டாக்டர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். சோர்ந்துபோன பூனையோடு வந்த ஒருவரிடம் அவர், “தண்ணி குடிக்குதா?” என்று கேட்டார். “குடிக்குதுங்க” என்றார் வந்தவர். அவ்வளவில் முடிய வேண்டிய பேச்சு. மூலையில் நின்ற தாங்கள், “எவ்வளவு குடிக்குது?” என்றீர்கள். வந்தவர் டாக்டரைப் பார்க்க, டாக்டர் தங்களைப் பார்த்தார்.

“கிலோவுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது மில்லின்னு புத்தகத்துல இருக்கும்மா. நாலு கிலோ பூனைன்னா இருநூறு.”

“புத்தகம் எந்தப் பூனைகிட்ட கேட்டுச்சு டாக்டர்?”

அன்று தொடங்கியது அந்த ஆராய்ச்சி. உள்நோயாளிக் கூண்டுகளில் இருந்த ஒவ்வொரு பூனைக்கும் காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்தீர்கள். பூனையே இல்லாத காலிக் கூண்டிலும் ஒரு கிண்ணம் வைத்தீர்கள். எல்லாரும் தங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆனால் யாருமே குடிக்காத அந்தக் கிண்ணத்திலும் நாளொன்றுக்குப் பதினைந்து மில்லி குறைந்தது! காற்று குடித்ததைப் பூனையின் கணக்கில் எழுதக் கூடாது என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. ஒரு முறை பெருக்க வந்த அம்மா ஆறு கிண்ணத்துத் தண்ணீரையும் வாசலில் இருந்த செடிக்கு ஊற்றிவிட்டார். தாங்கள் கோபப்படவில்லை, “செடிக்குக் கிலோவுக்கு எவ்வளவு?” என்று கேட்டீர்களாம்.

சோற்றுத் தட்டை ஒட்டி வைத்த கிண்ணத்தைச் சில பூனைகள் தொடுவதில்லை, தள்ளி வைத்தால் குடிக்கின்றன; மீசை இடிக்கும் குறுகிய கிண்ணத்தைவிட அகன்ற தட்டைச் சில பூனைகள் விரும்புகின்றன; உலர்தீனி தின்னும் பூனை கிண்ணத்தை நாடும், ஈரமான உணவு தின்னும் பூனைக்கு உணவிலேயே பெரும்பங்கு நீர் போய்விடுவதால் அது கிண்ணத்தை ஏறிட்டும் பார்க்காது. இவையெல்லாம் தாங்கள் கண்டு எங்களுக்குக் காட்டியவை. ஒரு சாம்பல் நிறப் பூனை குழாயில் சொட்டும் நீரை மட்டுமே குடிக்கும் என்று கண்டுபிடிக்கத் தாங்கள் இரண்டு நாள் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். அப்போது நான் புதிதாகச் சேர்ந்தவன். ‘இந்த அக்காவுக்கு வேற வேலையே இல்ல போல’ என்று மருந்தாளுநரிடம் சொன்னவன் நான்தான். அதற்கு இப்போது, இத்தனை பேர் முன்னிலையில், மன்னிப்புக் கேட்கிறேன்.

நுண்ணறிவின் நிறைகுடமே! நான் மனம் திருந்திய கதையை இனிச் சொல்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தையற்கார அம்மா ஒருவர் கறுப்புப் பூனையோடு வந்தார். பெயர் பட்டன். கொஞ்சம் இளைத்திருந்தது, முடி சிலிர்த்திருந்தது. சாப்பாடு சரி, தண்ணீரும் சரி என்றார். பூச்சித் தொல்லையாக இருக்கலாம் என்று டாக்டர் மருந்து கொடுத்தார். தாங்கள் வழக்கம்போல் அளவுக் குவளையும் ஒரு தாளும் கொடுத்து, ஒரு வாரம் எழுதி வரச் சொன்னீர்கள். இரண்டு நாள் கழித்துக் கணக்கு டீச்சர் ஒருவர் வந்தார். அவரிடமும் கறுப்புப் பூனை. பெயர் பூஜ்யம். அதே குறை, அதே மருந்து, அதே தாள்.

இரண்டு தாள்களும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. காற்று குடித்தது போக, பட்டன் நாளுக்கு இருநூற்றுப் பதினைந்து மில்லி. பூஜ்யம் இருநூற்று முப்பது. இரண்டும் நாலு கிலோ சொச்சம், இரண்டும் உலர்தீனி தின்பவை. புத்தகத்துக்குப் பொருத்தமான அளவு. “ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, பதிவு அட்டையை எடுத்து வெச்சிடட்டுமா?” என்றேன்.

தாங்கள் இரண்டு தாளையும் அருகருகே சுவரில் ஒட்டிவிட்டு நெடுநேரம் நின்றீர்கள்.

“இங்க பாரு. புதன்கிழமை பட்டன் எவ்வளவு?”

“சுழியம்க்கா. ‘மழை, வரவே இல்லை’ன்னு எழுதியிருக்காங்க.”

“அதே புதன்கிழமை பூஜ்யம்?”

நான் படித்தேன். நானூற்று நாற்பது. பக்கத்தில் டீச்சர், ‘மழை, வெளியே போகவில்லை. நான் தவறாக அளந்திருக்கலாம்’ என்று குறித்திருந்தார்.

“டீச்சர் தப்பா அளக்கல. ரெண்டு அட்டையையும் எடு.”

எடுத்தேன். எடை இரண்டிலும் நாலு கிலோ நூறு கிராம். இரண்டிலும் இடது காதில் ஒரு வெட்டுத் தழும்பு. இரண்டு அட்டையையும் எழுதியவன் நான். ஒரே பூனையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இரண்டு பெயரில் பதிந்தவனும் நான்தான். முகவரிகள் வேறு வேறு தெருவில் இருந்தன என்று சமாளிக்கப் பார்த்தேன். “வா, நடந்து பார்த்துட்டு வரலாம்” என்று உணவு இடைவேளையில் என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். இரண்டு தெருவுக்கும் வாசல்தான் வேறு. கொல்லைப்புறம் ஒரே சுவர். சுவரின் மேல் ஓடு உடைந்த இடத்தில் வழுவழுவென்று ஒரு தடம். அதில் அந்தக் கறுப்பர் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

தையற்கார அம்மாவிடம், சுவருக்கு அந்தப் பக்கம் யார் வீடு என்று கேட்டீர்கள். அவர் கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றது.

“என் தங்கச்சி வீடு. அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்து ஏழு வருஷம் ஆச்சு.”

ஏன் என்று நான் கேட்க வாயெடுத்தேன். தாங்கள் என் காலை மிதித்தீர்கள். பூனை குடித்த ஒவ்வொரு சொட்டையும் விசாரித்த தாங்கள் அதை மட்டும் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. எதை அறிய வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அறிந்த அந்தப் பெருந்தன்மையை எந்தச் சொல்லால் புகழ்வோம்!

மறுநாள் பத்து மணிக்கு இருவரையும் வரச் சொன்னீர்கள். அக்காவான தையற்கார அம்மா பூனைக்கூடையோடு வந்து உட்கார்ந்தார். தங்கையான டீச்சர் வெறுங்கூடையோடு, “காலையிலேர்ந்து பூஜ்யத்தைக் காணோம்” என்று பதறி ஓடி வந்தார். அக்காவின் கூடைக்குள்ளிருந்து ஒரு குரல் மியாவ் என்றது.

“அது என்னோட பூனை!”

“உன்னோடதா? மூணு வருஷமா சோறு போடுறது நான்!”

“நானும்தான் போடுறேன்!”

காத்திருந்த நாய்களெல்லாம் குரைக்கத் தொடங்கின. தாங்கள் இரண்டு தாளையும் டீச்சர் கையில் கொடுத்தீர்கள்.

“சண்டை அப்புறம் போட்டுக்கலாம். நீங்க கணக்கு டீச்சர்தானே? கூட்டிச் சொல்லுங்க.”

“நானூற்று நாற்பத்தஞ்சு” என்றவர், எடையால் வகுத்துப் பார்த்துவிட்டுத் தாமாகவே தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். “கிலோவுக்கு நூறுக்கு மேல வருதே. இது ரொம்ப அதிகம் இல்லையா?”

ஆம், அதிகம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பூனை அளவு குடித்த அந்தப் பூனை, இரண்டு வீட்டிலுமாக இரண்டு பூனை அளவு குடித்துக்கொண்டிருந்தது. தின்றதும் அப்படியே. தின்றும் இளைத்தது. சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டை நிறம் மாறியது. இரத்தமும் அதையே சொன்னது. சர்க்கரை நோய். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் காப்பாற்றுவது கடினம் என்றார் பெரிய டாக்டர். பன்னிரண்டு மணி நேரத்துக்கொரு ஊசி போட வேண்டும். காலையில் அது அக்கா வீட்டில் இருக்கும், மாலையில் தங்கை வீட்டில்.

“ஊசியா? எனக்குப் பார்த்தாலே மயக்கம் வருமே” என்றார் டீச்சர்.

“சின்ன வயசுலயும் இப்படித்தான்” என்றார் அக்கா, எங்களைப் பார்த்து. பிறகு தங்கையைப் பார்த்து, “சாயங்காலம் நானே வந்து போடுறேன். கதவைத் திறந்து வை” என்றார்.

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். தாங்கள் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய கண்ணாடிக் குழாயை மறுபடி கழுவினீர்கள்.

ஐந்து மாதத்தில் உணவு மாறியது, சர்க்கரை இறங்கியது, ஊசியும் தேவைப்படாமல் போயிற்று. எல்லாப் பூனைக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. இதற்கு வாய்க்கக் காரணம் நோயைச் சீக்கிரமே கண்டுபிடித்தது என்று டாக்டர் சொன்னார். நான் இரண்டு அட்டையையும் கிழித்து, ‘பட்டன் என்கிற பூஜ்யம்’ என்று ஒரே அட்டை எழுதினேன். உரிமையாளர் என்ற இடத்தில் இரண்டு பெயர். அதன் பிறகு ஆறு ஆண்டுகள் அந்தக் கறுப்பர் இரண்டு வீட்டையும் ஆண்டார். சகோதரிகள் இருவரும் இன்று இதே அரங்கில், மூன்றாம் வரிசையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள்.

ஆய்வகத்தின் அணிவிளக்கே! இன்று எங்கள் மருத்துவமனையில், ‘தண்ணி குடிக்குதா?’ என்று எவரும் கேட்பதில்லை. ‘எவ்வளவு? எந்தக் கிண்ணத்துல? வேற எங்கயாவது போய்க் குடிக்குதா?’ என்றுதான் கேட்கிறோம். வழக்கத்தைவிடத் திடீரெனக் கூடினாலும் குறைந்தாலும் உடனே கொண்டுவாருங்கள் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறோம். இதைவிடப் பெரிய பாராட்டை எங்களால் தங்களுக்கு எழுதிவிட முடியாது.

போன வாரம் மருந்தாளுநர், “இனிமே வீட்டுல என்னக்கா பண்ணப்போறீங்க?” என்று கேட்டார்.

“சமையற்கட்டு ஜன்னலுக்கு ஒரு குருவி வருது. அது ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும்?”

“செல்போன்ல தேடினா வந்துடும்க்கா.”

“வரும்டா. உட்கார்ந்து பார்த்தா இன்னும் நல்லா இருக்கும்.”

அன்புடையீர்! உட்கார்ந்து பார்க்கத் தங்களுக்கு உறுதியான உடலும் தெளிந்த பார்வையும் ஓய்வான காலைகளும் வாய்க்கட்டும். தங்கள் இல்லத்தார் நலமும் வளமும் பெற்று வாழட்டும். ஆண்டுகள் பல கடந்தும் தங்கள் உள்ளம் இன்றுபோலவே ‘எவ்வளவு?’ என்று துள்ளட்டும். விடை தெரிந்ததும் ஒரு நடை வந்து சொல்லிவிட்டுப் போங்கள். மருந்தாளுநர் இப்போதே ஐந்து மில்லி என்கிறார். அவ்வளவு இருக்காது என்பது என் கட்சி.

என்றும் தங்கள் அன்பில் நனையும்,
மருத்துவர்கள், மருந்தாளுநர், கூண்டறை மற்றும் துப்புரவுப் பணியாளர்கள்,
அவர்களோடு பதிவு மேசைக்காரன்